ஜெபக்கனியை வாசல் விடவில்லை

பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்த நாளில், பிற்பகல் நாலு மணிக்கு, செந்தருவை பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் மாலைப் பேப்பரை விரித்து, தன் எண்ணுக்கு முந்தின எண்ணையும் பிந்தின எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்து, நடுவில் இருக்க வேண்டியது இல்லை என்று தெரிந்துகொண்டு, சிவப்புத் தேரி மணலில் காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்து வந்த ஜெபக்கனியை, அவளுடைய வீட்டு வாசல் உள்ளே விடவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. அவளுடைய அப்பாவின் அக்கா ஞானப்பூ உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாட்டி. வெயில்ல என்னத்துக்கு நிக்க?"

"வரத்தான் பாக்கேன் அத்தை. வாசல் விடமாட்டேங்கு."

ஃபெயிலான பிள்ளை வெட்கப்பட்டு நிற்கிறது என்றுதான் அத்தை நினைத்தாள். எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை உள்ளே போனாள். ஜெபக்கனி, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் எதிர்த்து நிற்கிறவளைப் போல, நிலைக்கு நேரே முன்சாய்ந்தபடி நின்றாள். முருங்கைக்காய் மண்டியில் சிப்பம் கட்டும் வேலை முடிந்து அவளுடைய அப்பா ஏசுவடியான் வந்தார். காய்க்கட்டைத் தூக்குவதுபோல் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தார். நுழைந்து பார்த்தால் தோளில் யாரும் இல்லை. மகள் வெளியே, தூக்கின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நான் அப்போது அந்த ஊரில் இல்லை, ஜூலையில்தான் இங்கிலீஷ் வாத்தியாராக மாற்றலாகி வந்தேன், ஆனால் செந்தருவையில் யாரிடம் கேட்டாலும் இந்த விஷயத்தைப் போன வருஷம் கிணறு வற்றினதைச் சொல்வதுபோல் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், ஆகையால் நானும் அப்படியே சொல்கிறேன்.

மறுநாள் பின்வாசலில் முயன்றார்கள். விடவில்லை. கதவைக் கழற்றினார்கள், நிலையைப் பெயர்த்தார்கள், பெயர்த்த இடத்தில் சுவரில் ஓர் ஓட்டை மாத்திரம் இருந்தது, அதுவும் விடவில்லை. ஜன்னல் கம்பியை அறுத்து அதன் வழியாக ஏறி உள்ளே போகச் சொன்னபோது போனாள். மூன்று நாள் போனாள், வந்தாள். நாலாம் நாள் அத்தை ஏதோ அவசரத்தில், "ஏட்டி, அந்த வாசல் வழியா சொம்பை நீட்டு" என்று சொல்லிவிட்டாள், அன்றிலிருந்து ஜன்னலும் விடவில்லை. அதற்குப் பிறகு ஊர் வாயை அடக்கிப் பழகிக்கொண்டது. கூரையில் பத்து ஓடுகளை எடுத்து, ஏணி போட்டு, அவளை மேலே ஏற்றி உள்ளே இறக்கினார்கள். அந்த இடத்தை யாரும் எந்தப் பெயராலும் சொல்வதில்லை என்று உபதேசியார் கோயிலிலேயே அறிவித்தார். "வாய் தவறிக்கூடச் சொல்லிராதீங்க" என்றார்.

காரணம் என்ன என்று ஊர் ரொம்ப நாள் தேடவில்லை. அப்போதிருந்த தலைமை ஆசிரியர் டீக்கடையில் விளக்கினாராம்: "இங்கிலீஷ்ல பாஸ்னா தேறுறதுன்னும் அர்த்தம், கடந்து போறதுன்னும் அர்த்தம். ஒரே வார்த்தை. பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து நின்னுபோச்சு." கேட்டவர்கள் சரிதான் என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கோயிலுக்குள் அவளால் வர முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளை வெளியே வாகை மரத்தடியில் போட்டார்கள். வெயில் ஏறினால் பிரசங்கம் சுருங்கியது, அதில் ஊருக்கு வருத்தமில்லை. பஸ்ஸுக்கும் வாசல் உண்டு என்பதால் அவள் எங்கே போவதானாலும் காய் ஏற்றிப் போகும் வேனின் பின்தட்டில் ஏறிப் போனாள். குளிப்பதற்கு அவள் முதலில் கிணற்றடிக் கல்லில் போய் நிற்க, அத்தை அவளைச் சுற்றி நாலு பக்கமும் ஓலைத்தட்டி கட்டி, குளித்து முடித்ததும் அவிழ்த்து எடுத்தாள். தினமும் கட்டினாள், தினமும் அவிழ்த்தாள். பதினாறு வயசுப் பெண்ணுக்காகத் தட்டி கட்டுகிறபோது தெருவில் ஆண்கள் யாரும் போவதில்லை என்று தெருவே முறை வைத்துக்கொண்டது. இதெல்லாம் நல்லவர்கள் செய்கிற காரியம்தான். ஆனால் ஓர் ஊர் ஓர் அதிசயத்தைப் பழகிக்கொண்டால் அடுத்தபடியாக அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்கும்.

சின்னப் பிள்ளைகள் இரண்டு குச்சியை மணலில் நட்டு, "அக்கா, இதுக்கு நடுவுல வா" என்பார்கள். அவளால் முடியாவிட்டால் அது வாசல். குச்சியைத் தள்ளித் தள்ளி நட்டு, எவ்வளவு அகலம் வரைக்கும் வாசல், எப்போதிலிருந்து வெறும் வெளி என்று அளந்தார்கள். மேலத்தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு வேலி இடைவெளியில் வழக்கு. அது பாதையா, ஒரு வீட்டுக்குச் சொந்தமான வாசலா என்று பத்து வருஷமாகச் சண்டை. ஜெபக்கனியைக் கூட்டிப்போய் நடக்கச் சொன்னார்கள். அவள் நின்றுவிட்டாள். வழக்கு தீர்ந்தது. ஜெயித்தவர் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து வீட்டுமுன் வைத்துவிட்டுப் போனார். ஏசுவடியான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசல் திண்டிலேயே வைத்துவிட்டு வந்தார். "எம் பிள்ளை என்ன, நிலம் அளக்கிற சங்கிலியா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் அவர் பேசினது.

ஜூலையில் நான் வந்தேன். என் பெயர் குற்றாலிங்கம், சொந்த ஊர் தென்காசி. வந்த இரண்டாம் நாளே தலைமை ஆசிரியர் என்னிடம் சொன்னார், அக்டோபர்த் தேர்வுக்கு ஒரு பிள்ளை வெளியே உட்கார்ந்து படிக்கும், அதற்கு வகுப்பறைக்குள் வர முடியாது, ஆகையால் கொஞ்சம் உரக்கப் பாடம் நடத்துங்கள் என்று. நானும் உரக்க நடத்தினேன். அவள் தாழ்வாரத்து விளிம்பில், வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். கையெழுத்து முத்துப்போல இருந்தது. இந்தப் பிள்ளை எப்படித் தவறியது என்று எனக்கு ஆச்சரியம்.

ஒருநாள் மதியம் கேட்டேன். "இங்கிலீஷ் எத்தனை மார்க்குல போச்சு?"

"ஒரு மார்க்கு சார். முப்பத்துநாலு."

"எது கஷ்டமா இருந்துச்சு?"

"ஒண்ணும் கஷ்டமில்ல சார். பாஸ்ங்கிற வினைச்சொல்லை மூணு அர்த்தத்துல வச்சு மூணு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தாங்க. அது மட்டும்தான் யோசிச்சு எழுதினேன்."

"என்ன எழுதின?"

அவள் இங்கிலீஷில் சொன்னாள், ஒப்பிப்பதுபோல் இல்லாமல், நிதானமாக. ஐ வில் பாஸ் தி எக்ஸாம். தி டிரம்ஸ்டிக் லாரி பாஸஸ் மை ஸ்ட்ரீட் அட் ஃபைவ் ஓ கிளாக். மை மதர் பாஸ்டு.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

ஏனென்றால் அந்த முருங்கைக்காய் லாரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஏப்ரலில், வேறு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், விடைத்தாள் திருத்தும் முகாமில், காற்று வராத மின்விசிறிக்குக் கீழே நாங்கள் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், எங்களுக்குத் தலைமையாக அம்பாசமுத்திரத்துக் காந்திமதி டீச்சர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொக்கும் நேரம். அந்தத் தாளில் அந்த மூன்றாவது வாக்கியம் வந்தது. அம்மா பாஸ் ஆனாள். எதில் பாஸ் ஆனாள்? வாக்கியம் பாதியில் நிற்கிறது என்று நினைத்தேன். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். போட்டதோடு விட்டிருந்தால்கூட அது ஒரு வாத்தியாரின் பிழை, அவ்வளவுதான். நான் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்துக் காட்டினேன். "இந்தப் பிள்ளையோட அம்மா பாஸாம். பிள்ளை கதிதான் தெரியல" என்றேன். மேஜையே சிரித்தது. காந்திமதி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

இன்னும் இருக்கிறது. கூட்டினால் முப்பத்துநாலு வந்தது. ஒரு மார்க்கில் நிற்கிற தாளை இன்னொரு தரம் பார்ப்பது எங்கள் வழக்கம். காந்திமதி டீச்சர், "எங்கயாவது ஒரு மார்க்கு கிடைக்குதா பாருங்க சார்" என்று தாளை என்னிடம் திருப்பித் தந்தார். நான் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. "அந்த அம்மாவுக்கு வேணும்னா போடலாம் டீச்சர்" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். தாள் கட்டுக்குள் போய்விட்டது.

இப்போது தாழ்வாரத்தில் அந்தப் பிள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டது. "தப்பா சார்?"

 மணி அடித்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். மணி அடிக்கவில்லை.

பள்ளிக்கூட நூலகத்தில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. பாஸ் என்ற வினைச்சொல் மட்டும் ஒன்றரைப் பக்கம். தேறுவதற்குப் பாஸ், தெருவைத் தாண்டுவதற்குப் பாஸ், சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்துவதற்குப் பாஸ், பொழுது போவதற்கும் சட்டம் நிறைவேறுவதற்கும் பந்தை உதைத்துக் கொடுப்பதற்கும் பாஸ், ஒன்றுக்குப் போவதற்கும் அதே பாஸ். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், இறந்துபோதல். அவே என்ற வால் சேர்த்தால்தான் சாவு என்று பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். வால் இல்லாமலும் உண்டு என்று அங்கே போட்டிருந்தது. வாக்கியம் பாதியில் நிற்கவில்லை. அது முழுசாக முடிந்திருந்தது.

அகராதியை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நம் பேச்சிலும் அப்படித்தானே. அம்மா தவறிட்டாங்க என்று ஒரு பிள்ளை சொன்னால், எதில் தவறினாள், எங்கே தவறினாள், வாக்கியத்தை முடி என்று யாராவது கேட்பானா? அந்தப் பிள்ளை நம் ஊரில் சொல்வதுபோலவே சொல்லியிருக்கிறது. நான் அதன்மேல் தவறு என்று போட்டிருக்கிறேன். பரீட்சையில் தேறாததற்கும் தவறுதல் என்றே பெயர். அம்மாவும் தவறி, மகளும் தவறி, நடுவில் தவறு செய்த நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். பிறகு தேர்வு நெருங்குகிறது, இப்போது சொன்னால் பிள்ளை மனசு கலையும் என்று எனக்கு நானே காரணம் எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய், தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. குற்றாலிங்கம் சார் மாதிரி யார் வருவார் என்றார்கள். ஏசுவடியான் வாரத்துக்கு ஒருமுறை ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சமைத்துச் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

அக்டோபரில் எங்கள் பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம். வெளியூரிலிருந்து வந்த கண்காணிப்பாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெளிய உக்காந்து எழுத விதியில இடமில்லை, அறைக்குள்ள எந்த வழியா வரணும்னு விதியில ஒண்ணும் இல்லை" என்றார். ஆகையால் ஒன்பதாம் அறையின் ஓடுகளை எடுத்தார்கள். காய்ச்சிப்பம் கட்டுகிற கயிற்றில் நாற்காலி ஒன்றைக் கட்டி, நாலு பேர் கூரைமேல் ஏறி நின்று, பேனாவையும் அடிமட்டத்தையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஜெபக்கனியை, கிணற்றில் வாளி விடுவதுபோல் பதமாக இறக்கினார்கள். நாலாவது கயிற்றைப் பிடித்தவன் நான். உள்ளங்கை உரிந்துவிட்டது. அந்த எரிச்சல் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் வெட்கத்துக்குரியதுதான். வலியைக் கொடுத்து உண்மையைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

அவள் எழுதினாள். டிசம்பரில் முடிவு வந்தது. எண் பேப்பரில் இருந்தது. எழுபத்தொன்று மார்க்.

மண்டியைப் பாதி நாள் அடைத்துவிட்டார்கள். உபதேசியார் வந்தார், மேலத்தெருவில் வழக்கில் ஜெயித்தவரும் தோற்றவரும் வந்தார்கள், பிள்ளைகள் வெடி கொண்டுவந்தார்கள். ஞானப்பூ வாசலைக் கழுவி, கோலம் போட்டு, உள்ளே பாயும் விரித்து வைத்திருந்தாள். பெயர்த்த நிலையைத் திரும்பப் பதித்திருந்தார்கள். ஜெபக்கனி புதுப் பாவாடை தாவணியில், எல்லோரும் பார்க்க, படியில் ஏறி, குனிந்து, நின்றுவிட்டாள்.

இன்னொரு தரம் முயன்றாள். மூன்றாம் தரமும். நெற்றி வியர்த்துவிட்டது.

வெடியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் கீழே இறங்கின. எங்கோ பின்னால், "பாஸான பெறகும் போகமாட்டேங்குன்னா, குத்தம் வாசல்மேல இல்ல" என்று ஒருவர் சொன்னார். "பிள்ளை மனசுல என்னமோ கிடக்கு" என்றார் இன்னொருவர். ஏழு மாதம் அவளுக்காகப் பெஞ்சு சுமந்த ஊர் முதல்முறையாக அவளைக் கோபத்தோடு பார்த்தது. அவள் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, ஊரைப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். மேஜை, மின்விசிறி, சிவப்பு மை, எல்லாவற்றையும். அவள் எழுதிய வாக்கியம் சரி என்றேன். அது தெரியாதது என் அறியாமை என்றேன். ஜூலையிலிருந்து தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன். சிரிப்பை மட்டும் சொல்லாமல் விட்டேன். அங்கேயும் விட்டேன்.

ஜெபக்கனி படியிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றாள். அப்புறம் கேட்டாள். "படிச்சப்ப சிரிச்சீங்களா சார்?"

"சிரிச்சேன்."

"நீங்க மட்டுமா?"

"வாசிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒன்பது பேரு."

ஏசுவடியான் ஓரடி முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. நான் ஒருவேளை இப்போது விடுமோ என்று வாசலைப் பார்த்தேன், எல்லோருமே பார்த்தார்கள். ஜெபக்கனியும் எங்களுக்காகவே என்பதுபோல் ஒருமுறை படியேறிப் பார்த்தாள். விடவில்லை. என் உண்மை அவளுக்கு ஒரு சாண் வழிகூட விலக்கித் தரவில்லை. என் பாரத்தை நான்தான் இறக்கிவைத்தேன், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு அவள் படியிலேயே உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"நானும்தான் சார் சிரிச்சேன்."

அவளுடைய அம்மா மரகதத்துக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிப்ரவரியில் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் அப்பா கீழே சைக்கிள் நிறுத்தத்தில் இருந்தார், இவள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். வடக்கேயிருந்து வந்த டாக்டரம்மா, தமிழ் தெரியாதவர், வெளியே வந்து இவள் தோளைத் தொட்டு இரண்டே வார்த்தை சொன்னார். ஷீ பாஸ்டு.

"எனக்கு அப்ப ஒரு அர்த்தம்தான் தெரியும். அம்மா தேறிட்டான்னு நினைச்சேன். படியில குதிச்சுக் குதிச்சு இறங்கிப் போயி, அப்பா, அம்மா பாஸாம்னு சிரிச்சேன். அப்பாவும் சிரிச்சாங்க. அம்மாவுக்கு டீயும் பன்னும் வாங்கிட்டு வாரேன்னு போனாங்க. நான் மேல வந்தா முகத்தை மூடியிருக்கு. அப்பா தூக்குச்சட்டியில டீயோட வந்து நின்னாங்க." படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பதான் இன்னொரு அர்த்தம் இருக்குன்னு படிச்சேன். மறக்காதுன்னுதான் பரீட்சையில எழுதினேன். அம்மா செத்ததை நல்ல சேதின்னு கொண்டுபோய்ச் சொன்னவ நான். பேப்பர்ல என் நம்பர் இல்லைன்னதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வீட்டுக்குள்ள எந்த மூஞ்சியோட போவேன்?"

 ஞானப்பூ உள்ளே நின்று அழுதுகொண்டிருந்தாள். ஏசுவடியான் மகளுக்கு முன்னால் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல, வார்த்தையைத் தேடித்தான் பேசினார்.

"டீக்கடை எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியுமா? மார்க்கெட்டைத் தாண்டிப் போகணும். போக வர அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் உங்கம்மா எனக்கு உசுரோட இருந்தா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன கஞ்சி குடுக்கணும், தலைக்கு எப்பத் தண்ணி ஊத்தணும்னு நினைச்சுக்கிட்டே நடந்தேன். கடைக்காரன்ட்ட எம்பொண்டாட்டி பிழைச்சுக்கிட்டான்னு சொன்னேன். அது எனக்கு யாரு குடுத்தது? நீ குடுத்தது. ஒருநாளும் அதுக்காக உன்னை நான் தப்பா நினைச்சதில்ல. சொல்லத் தெரியாம இருந்துட்டேன். இப்ப எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூக்கைத் துடைத்தாள். திரும்பி, குனியக்கூட மறந்து, நிலையில் தலை லேசாக இடிபட, உள்ளே போய்விட்டாள்.

வெடி போட யாருக்கும் தோன்றவில்லை. இது எதனால் என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. வாத்தியார் உண்மையைச் சொன்னதால் என்று ஒரு கட்சி, அப்பன் சொன்னதால் என்று ஒரு கட்சி. பிள்ளைக்கு அன்றைக்குக் காலையிலிருந்து பசி, வேறொன்றும் இல்லை என்பாள் ஞானப்பூ. நான் எந்தக் கட்சி என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் சொன்ன பிறகும் அது விடவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லோரும் சாப்பிட உள்ளே போனார்கள். "சார், நீங்களும் வாங்க" என்று ஞானப்பூ கூப்பிட்டாள். அந்த வாசல் என்னை விடும் என்று எனக்குத் தெரியும். எல்லா வாசலும் என்னை எப்போதும் விட்டன. நான் போகவில்லை. ஜெபக்கனி ஒரு டம்ளர் பாயசத்தோடு வெளியே வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உடனே எதற்கோ வெளியே வந்தாள். மறுபடி போனாள்.

மூன்றாம் தரம் வந்தபோது சொன்னாள். "அந்த எட்டுப் பேருக்கும் சொல்லிருங்க சார். அந்த வாக்கியம் சரின்னு."

என்னை மன்னித்தாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் முதலில் அம்பாசமுத்திரம் போனேன். காந்திமதி டீச்சர் ஓய்வுபெற்று, வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து, காபி கொடுத்து, முழுவதையும் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நான் சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க டீச்சர். கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க."

"இருக்கும்" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லையே சார்." பிறகு, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், தமக்குத்தாமே சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "அப்படி எத்தனை தாளுக்குச் சிரிச்சிருப்போம்."

மற்ற ஏழு பேரிடமும் அடுத்தடுத்த மாதங்களில் போனேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒருவர் மட்டும், அவே சேர்த்தால்தான் சரி என்று என்னிடம் வாதம் செய்தார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒவ்வோர் ஊர் வந்தபோதும் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் உள்ளே இருந்தார்கள், அல்லது வேலைக்குப் போயிருந்தார்கள். பெயர் தெரியாத ஓர் ஊரில், ஓட்டுவீடு ஒன்றின் முன்னால், கதவு அகலத் திறந்து கிடக்க, ஒரு பெண் வெயிலில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சும்மாதான் உட்கார்ந்திருந்தாளோ, யாருக்காவது காத்திருந்தாளோ. எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன். அந்த ஊரில் பஸ் நிற்காது என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பின்னால் பார்த்தேன். அதற்குள் அந்த ஊரைக் கடந்துவிட்டோம்.